பாதிப் படச் சுவர்

பிப்ரவரி 20

தம்பி,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும், "அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அந்த 'அப்புறம்' ஒரு வருஷமாக வந்தபாடில்லை. கடிதம் என்றால் பிரித்த பிறகு படித்துத்தான் ஆகவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மார்ச் மாதம் முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் நூலகத்து மாடியில் படம் போடுகிறோம். நாஜிகள் செய்த யூத இனப்படுகொலை பற்றிய ஆவணப்படங்கள், வாரத்துக்கு ஒன்று. எதிலும் திரையின் அடியில் தமிழ் வரிகள் கிடையாது. அதனால் நான் பின்வரிசையில் மைக்கோடு உட்கார்ந்து, படத்தில் பேசப் பேசத் தமிழில் சொல்லப்போகிறேன். ராத்திரி பகலாக எழுதிவைத்துப் படித்துப் பழகுகிறேன். உன் அத்தான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிகிறார்.

எங்கள் செயலாளருக்கு ஒரே கவலை. "சனிக்கிழமை மனுஷன் சிரிக்கத்தானே வெளிய வருவான், இதுக்கு யார் வருவா?" என்கிறார். கூடவே படக்கதை ஓவியங்களும் வைத்தால் இளவட்டங்கள் எட்டிப்பார்க்கும் என்று யாரோ சொல்ல, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தவளை வரைபவன் என் தம்பி என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். உன் துப்பறியும் தவளை வரும் பத்திரிகைக்கு வாரா வாரம் இங்கே அடிதடி. (தவளைக்கு எங்கேயாவது புருவம் உண்டா? ஒரு வாசகர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.)

அம்மா இருந்தபோது நீ ஒரு படக்கதை ஆரம்பித்தாயே, ரயில் நிலையத்தில் பெட்டிகளோடு நிற்கவைக்கப்பட்ட யூதக் குடும்பங்களைப் பற்றி. எத்தனை பக்கம் இருந்தாலும் அனுப்பு. மற்றதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. நீயும் எழுதாதே.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். மொத்தம் ஆறு. அவ்வளவுதான் இருக்கிறது, அதற்கு மேல் வரையவில்லை.

எந்த முகத்திலும் கண், மூக்கு, வாய் இருக்காது. வெறும் வட்டம்தான். முடிக்காமல் அனுப்பிவிட்டான் என்று உன் செயலாளர் நினைக்கப்போகிறார். முடித்ததுதான் என்று சொல்லிவிடு. அந்த ரயில் மேடைகளில் எடுத்த புகைப்படங்கள் பலவற்றை எடுத்தது யார் தெரியுமா? கொலைகாரர்களே. அவர்கள் கேமராவுக்காக நிற்கவைத்த முகங்களைப் பார்த்து நானும் வரைவதா? முகங்களைக் கடைசியில் வரையலாம் என்று வைத்திருந்தேன், கை வரவில்லை, அதனால் வெறுமையாகவே விட்டேன்.

எல்லாம் அசல் பக்கங்கள். கண்ணாடி போட்டு மாட்டினால் பளபளப்பில் கோடு தெரியாது, கிளிப்பில் மாட்டு. காபி டம்ளரோடு யாரையும் பக்கத்தில் விடாதே.

மற்றதை எழுதாதே என்றாய். அம்மா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் நீ கத்திச் சொன்னது. "பெத்தவ முகத்தைக்கூடப் பார்க்காம போறான் பாரு, இவனெல்லாம் ஒரு பிள்ளை." நான் மறக்கவில்லை என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

தவளைக்குப் புருவம் உண்டு. அந்த வாசகருக்குச் சொல்.

தம்பி


மார்ச் 16

தம்பி,

இரண்டு சனிக்கிழமை முடிந்துவிட்டது. முதல் வாரம் பாதிக் கூடம். போன சனிக்கிழமை நாற்காலி போதாமல் கூடத்தை ஒட்டிய குழந்தைகள் பிரிவிலிருந்து குட்டி ஸ்டூல்களைத் தூக்கிவந்தோம். எங்கள் ஊர் பஸ் டிரைவர் அதில் ஒன்றில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

முதல் வாரப் படத்தில் பெட்டிகளைக் காட்டினார்கள். கொண்டுபோனவர்கள் திரும்பி வராத பெட்டிகள், ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர் பெயர் எழுதியிருந்தது. விளக்கைப் போட்டதும் ஒருவர் எழுந்து, "எங்கயோ எப்பவோ நடந்ததுங்க, நமக்கு எதுக்கு இது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் தெருத் தையல்காரம்மா திரும்பி, "பேர் எழுதினாங்கல்ல, திரும்பி வருவோம்னுதானே எழுதினாங்க. அது நமக்குப் புரியாதா?" என்றார். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரமும் வந்தார்.

உன் பக்கங்கள் முன் எல்லாரும் நிற்கிறார்கள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சரி, இனிச் சுற்றி வளைத்துப் பயனில்லை. எழுதிவிடுகிறேன். உன் பக்கங்களை மாட்டிய சுவர் இருக்கிறதே, அது வழக்கமாகக் குழந்தைகள் பிரிவின் பாதிப் படச் சுவர். பாதி வரைந்த படத்தை நான்தான் மாட்டிவைப்பேன். யானைக்குத் தும்பிக்கை இருக்காது, வீட்டுக்குக் கூரை இருக்காது. வருகிறவர்கள் மீதியை வரைந்துவிட்டுப் போவார்கள். குழந்தைகளை விடப் பெரியவர்களுக்குத்தான் அதில் ஆசை. பக்கத்திலேயே மேஜை, நூலில் கட்டிய பென்சில்கள்.

அந்த மேஜையை எடுக்க மறந்துவிட்டேன், தம்பி. கருத்து எழுதப் பென்சில் வேண்டுமே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை படம் முடிந்து, நான் மைக் வயரைச் சுருட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வரிசையாக நின்று வரைகிறார்கள். மருந்துக்கடைக்காரர் தன் மனைவியை வரைந்திருக்கிறார், போன வருஷம் தவறிப்போனவர். முகத்தில் பாதி மூக்குக்கண்ணாடிதான். தையல்காரம்மா தன் தங்கையை வரைந்திருக்கிறார், கன்னத்தில் மச்சத்தோடு. பஸ் டிரைவர் செத்துப்போன தன் கண்டக்டரை வரைந்திருக்கிறார், மீசை முகத்தை விட்டு வெளியே போயிருக்கிறது. ஓடிப்போய் நிறுத்துவதற்குள் ஐந்து பக்கங்களில் அநேகமாக எல்லா வட்டத்துக்கும் முகம் வந்துவிட்டது.

எல்லாம் பென்சில்தான், உன் மையில் ஒரு கீறல் இல்லை. திட்டுவதென்றால் என்னைத் திட்டு. அவர்களை ஒன்றும் சொல்லாதே.

அக்கா


மார்ச் 19

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினேன். இப்போதும் கோபம் ஆறவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பக்கம் கெட்டுப்போனதற்காக இல்லை. பக்கம் கிடக்கட்டும். அந்த மேடையில் நின்றவர்களுக்கு முகம் இருந்தது, அக்கா. நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாது என்பதற்காக நம் வீட்டு ஆட்களின் மூக்கையும் மீசையையும் அங்கே ஒட்டுவதா? ஒரு தடவை அவர்களை இல்லாமல் ஆக்கியாயிற்று. மிச்சமிருந்த வெற்றிடத்திலும் நாம் போய் உட்கார்ந்துகொண்டோம். உன் மருந்துக்கடைக்காரர் மனைவியை நினைத்து அழட்டும், யார் வேண்டாம் என்றது? அதற்கு வேறு காகிதமா இல்லை?

நீயாவது தடுத்திருக்க வேண்டாமா? உனக்கு எல்லாரும் வேண்டும், எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கவேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீ முகத்தில் அடித்தாற்போலப் பேசுவது என் ஒருத்தனிடம்தான்.

பக்கங்களைக் கழற்றித் திருப்பி அனுப்பு. இனி நான் தவளையோடு இருந்துகொள்கிறேன். அந்தக் கதையைத் தொடப்போவதில்லை.

தம்பி


மார்ச் 22

தம்பி,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. நீ சொன்னது சரி. நான் சொல்வதை விட நேற்று நடந்ததைச் சொன்னால் உனக்கே புரியும்.

நேற்றைய படத்தில் ஒரே ஒரு பெண்மணி. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கையில் பள்ளிக்கூடத்தில் எடுத்த வகுப்புப் புகைப்படம். யுத்தத்துக்கு முன்னால் எடுத்தது, ஊர்ப் புகைப்படக்காரர் எடுத்தது. அந்த வகுப்பில் பிழைத்தவர் இவர் ஒருவர்தான். விரலை வைத்து ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்கிறார், பெயருக்குப் பின்னால் ஒரு வரி. "இவன் என் சாக்பீஸைத் தின்னுட்டான்." "இவ கணக்குல புலி, ஆனா செருப்பைக் கால் மாத்திப் போட்டுட்டு வருவா." "இவன் விசிலடிச்சா தெருநாய் எல்லாம் வகுப்புக்குள்ள வந்துடும்." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். கூடத்திலும் சிரித்தார்கள். நானும் மைக்கில் சிரித்துவிட்டேன்.

படம் எடுப்பவர், இவர்களெல்லாம் எப்படி இறந்தார்கள் என்று கேட்கிறார். அதற்கு அந்த அம்மா, "எப்படிச் செத்தாங்கங்கறதைக் கொன்னவங்களே எழுதி வச்சிருக்காங்க, அங்க போய்ப் படிச்சுக்கோங்க. எப்படி இருந்தாங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்" என்கிறார். அந்த வரியை நான் முப்பது தடவையாவது சொல்லிப் பழகியிருப்பேன். நேற்று பாதியில் குரல் உடைந்துவிட்டது. மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். மீதிப் படத்தை அவர்கள் புரியாத மொழியிலேயே பார்த்தார்கள். அந்த அம்மா விரலை வைக்கிறார், ஒரு பெயர், ஒரு வரி. யாரும் எழுந்துபோகவில்லை.

விளக்கு வந்ததும் முதலில் எழுந்தவர் மருந்துக்கடைக்காரர். நேராக உன் பக்கத்தின் முன் போய் நின்றார். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "ரப்பர் இருக்காம்மா? அழிச்சிடறேன். அவங்கவங்களுக்குன்னு ஒரு முகம் இருந்திருக்கு, நான் என் வீட்டம்மாவை அங்க கொண்டுபோய் வச்சிருக்கக் கூடாது" என்றார். உன் கடிதத்தை அவர் படிக்கவில்லை, தம்பி. அது என் கைப்பையில்தான் இருந்தது.

தையல்காரம்மாவுக்குத்தான் மனசு வரவில்லை. "முகமில்லாம தனியா நிக்கறாங்களேன்னு துணைக்கு அனுப்பினேன், வேற ஒண்ணும் நினைக்கலை" என்றார். பிறகு அவரும் ரப்பர் கேட்டார். என் கையில் ரப்பர் இருந்தது, ஆனால் கொடுக்க முடியவில்லை. மறுபடியும் முகங்களை அழிப்பதா என்று இருந்தது. பக்கம் உன்னுடையது, நீ வந்து சொல்லும்வரை யாரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. ஆறாவது பக்கத்தில் யாரும் வரையவில்லை. ஒரு பெண் குனிந்து குழந்தையின் ஷூ கயிற்றைக் கட்டுகிறாளே, அந்தப் பக்கம். போன வாரம் எல்லாரும் போன பிறகு நான் பென்சிலோடு அதன் முன் நின்றேன். அந்த முதுகு யாருடையது என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் நம் இருவருக்கும் முன்னால் அப்படித்தான் குனிவாள். வரையாமல் பென்சிலை வைத்துவிட்டேன்.

வரும் சனிக்கிழமை கடைசிப் படம். வாடா.

அக்கா


மார்ச் 29, ரயிலில்

அக்கா,

எழுத்து ஆடும், பொறுத்துக்கொள். எதிர் சீட்டுக்காரர் என் பென்சில் பெட்டியை எட்டி எட்டிப் பார்க்கிறார். 'தவளை சார்தானே' என்று கேட்கும் முன் எழுதிவிடுகிறேன்.

நேற்று உன்னோடு நாலு வார்த்தை பேசியிருப்பேனா? சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், கட்டில் போதுமா, போதும். அத்தான்தான் பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். அதனால் இன்று காலை நீ சாவியை எடுத்துக்கொண்டு, "வா, உனக்கு மட்டும் போடறேன்" என்று கூப்பிட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

போன வாரத்து வகுப்புப் படம், காலிக் கூடம், முன்வரிசையில் நான் ஒருத்தன், பின்னால் மைக்கில் நீ. ஒருத்தனுக்கு எதற்கு மைக் என்று கேட்க நினைத்தேன். நல்லவேளை கேட்கவில்லை. உன் குரல் இந்தத் தடவை உடையவில்லை. எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சொன்னாய். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். விசிலடிப்பவனுக்கு முன்பல்லில் சந்து. கணக்குப் புலியின் செருப்பு நிஜமாகவே கால் மாறித்தான் இருக்கிறது, கவனித்தாயா?

மருந்துக்கடைக்காரரிடம் நேற்று, "அழிக்க வேண்டாம் சார், துணைக்கு வந்தவங்க இருக்கட்டும். அந்த வகுப்புப் பிள்ளைங்களை நான் தனியா வரையறேன், பக்கத்துலயே மாட்டிக்கலாம்" என்றேன். "அப்ப என் வீட்டம்மா இங்கயே இருக்கலாமா?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. அந்த வகுப்பு முழுவதையும் வரையப்போகிறேன். யாரும் அவர்களைக் கொல்ல வராத ஒரு நாளில், அவரவர் முகத்தோடு. கீழே அவரவர் பெயர். நீ எழுதிவைத்த பெயர்ப் பட்டியலை அனுப்பு. ஒரு எழுத்தும் தப்பக் கூடாது.

இப்போது மற்றது. நீ எழுதாதே என்றதை நான் எழுதுகிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் நான் கதவுவரை வந்தேன். மருந்துப் பை கையில் இருந்தது. உள்ளே வரவில்லை. என் கை ஒரு மாதிரி, அக்கா. கடைசியாகப் பார்த்ததைத்தான் அது திரும்பத் திரும்ப வரையும். உள்ளே போய்ப் பார்த்துவிட்டால் சாகும்வரை அந்த முகம் மட்டும்தான் வரும் என்று பயந்துவிட்டேன். பார்க்காமல் வந்தேன். கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? ஒன்றுமே வரவில்லை. கண்ணை மூடினால் முதுகு வருகிறது, கை வருகிறது, முகம் வருவதில்லை. கொலைகாரர்கள் எடுத்த புகைப்படம் என்று உனக்கு எழுதியதும் உண்மைதான். அதற்குப் பின்னால் இதுவும் இருந்தது.

நீ பார்த்தாய். நாலு வாரமாக அத்தனை பேருக்கும் புரியாததையெல்லாம் எடுத்துச் சொன்னாயே, எனக்கு இதைச் சொல்லு. அம்மா எப்படி இருந்தாள்?

தம்பி


ஏப்ரல் 3

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். அடுப்பில் இருந்தது கருகிப்போய்விட்டது. உன் அத்தான் ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டார்.

முதலில் என்னைச் சொல்கிறேன். வராந்தாவில் நான் கத்தியது உன்னைப் பார்த்து இல்லை. அந்த அறைக்குள் ராத்திரி முழுக்க நான் தனியாக இருந்தேன், எனக்குப் பயமாக இருந்தது. நீ வந்து பக்கத்தில் நிற்பாய் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. உன்னைப் போல ஒரு பிள்ளை எந்த அம்மாவுக்குக் கிடைப்பான்?

இனி அம்மா. பயப்படாமல் படி.

நிம்மதியாகத் தூங்குவது போல இருந்தாள் என்றெல்லாம் சொன்னால் நீயே நம்பமாட்டாய். இடது கண் சரியாக மூடவில்லை, ஒரு கோடு போலத் திறந்திருந்தது. மத்தியானம் தூங்குவது போல நடித்துக்கொண்டு, நாம் சர்க்கரை டப்பாவைத் திறக்கிறோமா என்று பார்ப்பாளே, அப்படியே. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. யாரையோ திட்ட ஆரம்பித்து, சரி போகட்டும் என்று விட்டது போல. தலைமுடி கலைந்திருந்தது, நான் சீவிவிட்டேன். நெற்றிச் சுருக்கமெல்லாம் எங்கோ போய்விட்டது. ஆனால் இடது புருவம் மட்டும் மேலேயே நின்றது. "அப்படியா சங்கதி?" என்று நம்மைக் கேட்கும்போது தூக்குவாளே, அந்தப் புருவம். நான் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன், இறங்கவே இல்லை. அழுதுகொண்டே சிரித்துவிட்டேன், தம்பி. நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்துபோய் இந்த வாரப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். முகம் வரவில்லை என்கிறாயே, மக்கு! ஒரு வருஷமாக வாரா வாரம் ஊருக்கே காட்டிக்கொண்டிருக்கிறாய். தவளைக்குப் புருவம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்?

பெயர்ப் பட்டியல் இதோடு இருக்கிறது. படம் போட்டு மூன்று தடவை சரிபார்த்தேன். தையல்காரம்மா கூட உட்கார்ந்து கேட்டு ஒன்றைத் திருத்தினார்.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

வகுப்பு முடிந்தது. பார்சல் இல்லை, கையில் கொண்டுவருகிறேன். சாக்பீஸ் தின்றவனுக்கு உதட்டோரம் கொஞ்சம் வெள்ளை விட்டிருக்கிறேன். எல்லாருக்கும் பெயர் போட்டாயிற்று. அதை மாட்டும்போது அந்த மேஜையை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடு.

உன் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு அம்மாவை வரைந்தேன். கண் வந்தது. வாய் வந்தது, அந்தத் திட்டும் வந்தது. புருவத்தில்தான் மாட்டிக்கொண்டேன். நீ சொன்னாயே என்று தவளையைப் பார்த்து வரைந்தேன். அம்மா தவளை மாதிரி வந்துவிட்டாள். பார்த்தால் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டிக்கு வருகிறேன். ஆறாவது பக்கத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வை. அங்கே குனிந்து நிற்கும் பெண்ணின் முகம் யாருக்கும் தெரியாது. அவளை அப்படியே விட்டுவிடுவோம். அம்மாவுக்குத் தனிக் காகிதம் எடுத்துவருகிறேன்.

நீ ஜன்னல் பக்கமாக, என் எதிரில் உட்கார வேண்டும். பேசிக்கொண்டே இரு, பேசாமல் இருக்க உன்னால் முடியாது. உன் முகத்தைப் பார்த்துத்தான் அந்தப் புருவத்தை வரையவேண்டும். உனக்கும் அதேதான்.

தம்பி